உத்திரத்தின் கீழ் ஒருவன்: தியான் ஹொக் கெங் கோயிலும் அதன் புகைப்படங்களும்

1

கோயிலைப் படமெடுக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம் ஆட்களை அப்புறப்படுத்துவதுதான். ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. விடியற்காலையில் போய்விட்டால் போதும். அப்போதும் யாராவது குறுக்கே வந்தால் முக்காலியை நிறுத்தி, கேமராவின் கண்ணைச் சில பத்து நொடிகள் திறந்து வைத்தால், நடமாடுகிறவர்கள் படத்தில் பதியாமலே கரைந்துபோவார்கள். மிஞ்சுவது கல், மரம், ஓடு, தங்கப்பூச்சு. இதற்குப் பெயர் ‘கட்டிடக்கலைப் புகைப்படம்’.

என் முன்னால் இப்போது இரண்டு தொகுதிப் படங்கள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே கோயிலைப் பற்றியவை: சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் தியான் ஹொக் கெங். ஒன்று வழவழப்பான தாளில் அச்சான பெரிய புத்தகம். மற்றது, அங்கே கட்டுமான வேலைக்குப் போயிருக்கும் நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கைபேசியில் எடுத்து அனுப்பிய நாற்பது படங்கள். கவிதை எழுதுகிறவன். சிறுபத்திரிகை வாசகன். படங்களோடு அவன் அனுப்பியிருந்த வரிகளை அப்படியே தருகிறேன்:

“அண்ணே, முப்பத்தேழாவது படத்தப் பாருங்க. உத்திரத்தத் தூக்கிட்டு நிக்கிறவன் நம்மாளு மாதிரி இருக்கான். இங்க எல்லாரும் அது இந்தியன்தான்னு சொல்றாங்க. நான் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறப்ப பெரிய கேமரா வச்சிருந்த ஒருத்தர் நான் நகர்றதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. நகர்ந்ததும் சிரிச்சு நன்றி சொன்னாரு. நல்ல மனுஷன்தான். ஆனா மேல இருக்கறவன் படத்துக்கு வேணும், கீழ நிக்கறவன் வேணாமா? இத எப்படி எழுதறது?”

இந்தக் கட்டுரை அவன் கேள்விக்கான பதில். பதிலின் ஒரு பகுதி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

முதலில் கோயில். 1820-களின் தொடக்கத்தில் கடற்கரை ஓரமாக இருந்த சிறிய வழிபாட்டிடம். 1839-இல் பெரிதாகக் கட்டத் தொடங்கி 1842-இல் முடித்தார்கள். செலவு சுமார் 30,000 ஸ்பானிய டாலர். அதிகமாகக் கொடுத்தவர் டான் டோக் செங் என்ற வணிகர். அவர் பங்கு மட்டும் 3,000 டாலருக்கு மேல். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஹொக்கியன் மக்களின் கோயில் இது. கல்லும் மரமும் சீனாவிலிருந்து கப்பலில் வந்தன. கப்பலோட்டிகளின் காவல்தெய்வமான மாட்ஸுவின் சிலையும் 1840-இல் அங்கிருந்தே வந்தது. தென்சீனக் கடலைத் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவன் முதலில் ஏறிய படி இதுதான். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வேலை தேடப் போனான்.

இன்று அந்தப் படியிலிருந்து கடலைப் பார்க்க முடியாது. 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அப்புறமும் தூர்த்தார்கள். ‘தெலுக் ஆயர்’ என்றால் மலாய் மொழியில் விரிகுடா நீர் என்று பொருள். நீர் போய்விட்டது, பெயர் நிற்கிறது. கடலைப் பார்த்துக் கட்டிய கோயில் இப்போது அலுவலகக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

‘தாவோ கோயில்’ என்று சொல்லிவிடுகிறோம். சொல் அவ்வளவு சுத்தமானதில்லை. முன்மண்டபத்தில் மாட்ஸு. பக்கத்தில் போர்வீரனாயிருந்து தெய்வமான குவான் கோங்கும், வைத்தியனாயிருந்து தெய்வமான பாவ்ஷெங் தாதியும். பின்னால் போனால் பௌத்தத்தின் குவான்யின். மூதாதையர் பலகைகளும் உண்டு. நம் ஊர் மதப் பட்டியல்களைப் போலத்தான் இதுவும். கும்பிடுகிறவனுக்கு இல்லாத எல்லைக்கோடு பட்டியல் போடுகிறவனுக்கு இருக்கிறது.

கோயிலின் இரும்புக் கதவுகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. 1907-இல் குவாங்ஷு பேரரசர் எழுதித் தந்த பலகையும் இங்கே உண்டு. தென்கடலில் அலைகள் அமைதியாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். ஃபூஜியன் மரம், கிளாஸ்கோ இரும்பு, பீக்கிங் எழுத்து. ‘தூய சீனக் கட்டிடக்கலை’ என்று புத்தகத்தின் முன்னுரை சொல்கிறபோது இவையெல்லாம் எங்கே போகின்றன?

1973-இல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1998-இலிருந்து 2000 வரை பெரிய அளவில் புதுப்பிப்பு வேலை நடந்தது. 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் குறிப்பிடப்பட்டது. அதாவது நன்றி சொல்லும் இடம் ‘பார்க்கும் இடம்’ ஆனதற்கும் தேதிகள் உண்டு. புகைப்படப் புத்தகம் இந்த இரண்டாம் வாழ்க்கையின் பிள்ளை.

3

புத்தகத்தின் முதல் படம் எதிர்பார்த்த படமே. நேர் முன்னாலிருந்து, நட்டநடுவில். இரண்டு கல் சிங்கங்கள், வாசல்கள், வாலை விரித்த தகைவிலான் குருவி போல இருபுறமும் மேலெழும் கூரை முகடு. செங்குத்துக் கோடுகள் எதுவும் சாயவில்லை. சாதாரண கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சரியும். அதைத் தடுக்க, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய தனி லென்ஸ் உண்டு, விலை அதிகம். தலையை உயர்த்தாமலே உயரத்தைப் பார்க்கும் பார்வை அது.

இந்தச் சமச்சீர்மையைப் புகைப்படக்காரர் வெளியிலிருந்து திணித்துவிட்டார் என்று சொன்னால் அது அநியாயம். சீனக் கோயிலின் அமைப்பே நடு அச்சை வைத்து வருவது: வாசல் மண்டபம், முற்றம், முன்மண்டபம், முற்றம், பின்மண்டபம். ஆனால் அந்த அச்சு நடப்பதற்கானது. வாசலில் உயரமான மரப்படி குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டுகிறவன் காலைப் பார்த்தாக வேண்டும், பார்த்தால் தலை குனிந்தாக வேண்டும். நிமிர்கிறபோது இருட்டு. நாலடி வைத்தால் முற்றத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். மறுபடியும் புகைமூட்டத்தின் இருட்டு. இப்படி உடம்பைப் பிடித்து ஆட்டித்தான் கட்டிடம் பேசுகிறது. அசையாமல் நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பவன் பக்தன் அல்ல, கூலி அல்ல, தச்சனும் அல்ல. அவன் உரிமையாளன். அல்லது தன்னை அப்படி நினைத்துக்கொண்டிருப்பவன்.

நண்பனின் படங்கள் கோணல். வெளிச்சமும் இருட்டும் ஒன்றாய் வருகிற இடத்தில் கைபேசி தடுமாறி, முற்றம் வெள்ளையாய் வெந்துபோயிருக்கிறது, தெய்வம் கறுப்பாய்க் கிடக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ‘தப்பான’ படம். ஆனால் உள்ளே போனவன் கண்ணுக்கு அந்த முதல் கணத்தில் நடப்பது அதுதான். புத்தகத்தில் வெவ்வேறு வெளிச்ச அளவில் நாலைந்து படம் எடுத்து ஒன்றாய் இழைத்திருக்கிறார்கள். முற்றமும் தெரிகிறது, தெய்வமும் தெரிகிறது. யார் கண்ணுக்கும் என்றும் தெரியாத காட்சி.

கோணல் படமே உண்மையான படம் என்று கொண்டாட நான் வரவில்லை. அது இன்னொரு மோஸ்தர். கோணலுக்கும் அழகியல் விலை வந்து ரொம்ப நாளாகிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு படமும் தன்னைப் பார்க்கிறவனை ஓரிடத்தில் நிறுத்துகிறது. எந்த இடத்தில் என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை.

4

அடுத்து ‘நுணுக்கங்கள்’. எல்லாக் கட்டிடக்கலைப் புத்தகங்களிலும் இப்படியொரு பகுதி இருக்கும். தூணைச் சுற்றிய நாகத்தின் நகம். கதவில் வண்ணத்தில் எழுதிய காவல்தெய்வத்தின் தாடி. உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கூரை முகட்டில் செய்த பூவேலை. தூரத்திலிருப்பதை இழுத்துவரும் நீண்ட லென்ஸ், பின்னணியை மங்கலாக்கி ஒன்றை மட்டும் கூர்மையாக நிறுத்துகிறது. கண் தவறவிடுவதைக் கேமரா பிடித்துவிடும் என்று வால்டர் பெஞ்சமின் 1931-இல் எழுதினார். சரிதான். ஆனால் பிடிக்கிற அதே கணத்தில் வெட்டியும்விடுகிறது.

முப்பத்தேழாவது படத்துக்கு வருகிறேன். கூரை உத்திரத்தின் கீழ் மரத்தில் செதுக்கிய மனித உருவம். இரண்டு கைகளையும் உயர்த்தி உத்திரத்தைத் தாங்குகிறது. கோயிலைக் கட்டுவதில் பங்குகொண்ட இந்தியர்களைக் குறிப்பதாக இருக்கலாம் என்பது பரவலான விளக்கம். நண்பன் காதில் விழுந்ததும் அதுதான்.

புத்தகத்திலும் இதே உருவம் இருக்கிறது. அழகான படம். முகம், கழுத்து, உயர்ந்த கைகள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே படத்தின் விளிம்பு. உத்திரம் படத்தில் இல்லை.

பாரத்தை எடுத்துவிட்டு உயர்ந்த கைகளை மட்டும் வைத்தால் என்ன தெரியும்? கும்பிடு தெரியும். பரவசம் தெரியும். கூலி பக்தனாகிவிடுகிறான். ஒரு மில்லிமீட்டர் சேதமில்லாமல், ஒரு பொய்யும் சொல்லாமல், விளிம்பை இரண்டு விரற்கடை கீழே இறக்கியதால் மட்டுமே நடந்த மதமாற்றம் இது. நண்பனின் படத்தில் உத்திரம் இருக்கிறது. ஊதுபத்திப் புகை படிந்த கறுப்பு இருக்கிறது. ஓரத்தில் மின்கம்பி ஒன்று தொங்குகிறது. அவன் கைகள் கும்பிடவில்லை, சுமக்கின்றன. எவ்வளவு காலமாக என்பதையும் புகையின் கறுப்பு சொல்லிவிடுகிறது.

ரோலான் பார்த் சொன்ன, பார்ப்பவனைக் குத்தும் அந்தச் ‘சிறு புள்ளி’ இதுதான் என்று இந்த இடத்தில் எழுதிவிடலாம். எழுதினால் கட்டுரை முடிந்துவிடும். பிரச்சினை முடியாது.

5

ஏனென்றால் ‘நம்மாளு’ என்ற சொல் இன்னும் பாக்கியிருக்கிறது.

இந்த உருவம் சிங்கப்பூரில் பிறந்ததல்ல. ஃபூஜியனின் தெற்கிலும் தைவானிலும் பழைய கோயில்களில் கூரை மூலையையோ உத்திரத்தையோ தாங்கும் அந்நிய உருவங்கள் உண்டு. ஹொக்கியன் வழக்கில் அதற்கொரு பெயரும் உண்டு. தமிழில் சொன்னால், ‘அசட்டு அந்நியன் கோயில் மூலையைச் சுமக்கிறான்’. அந்நியன் என்று நான் மரியாதையாக மொழிபெயர்க்கிறேன். மூலச்சொல்லில் காட்டுமிராண்டி என்ற வாடையும் இருக்கிறது. தைவானில் ஜனங்கள் அந்த உருவத்தை டச்சுக்காரன் என்கிறார்கள். 1624-இலிருந்து 1662 வரை தங்களை ஆண்டவனைக் கோயில் மூலையில் நிரந்தரச் சுமைகூலியாக நிறுத்திவிட்டோம் என்று சிரிப்பு. ஆக, அங்கே அது வென்றவன்மேல் தோற்றவன் தீர்த்துக்கொண்ட வஞ்சம். இங்கே, சிங்கப்பூரில், அதே அச்சில் வந்த உருவம் ‘இந்தியத் தொழிலாளிக்குச் செலுத்திய மரியாதை’.

எது சரி? மரியாதை என்ற வாசிப்பு இன்றைய பல்லினச் சமூகத்துக்கு வசதியானது. எல்லோரும் சேர்ந்து கட்டினோம் என்ற கதைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏளனம் என்ற வாசிப்பு, காயத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு வசதியானது. இரண்டும் சிலையிடம் எதையும் கேட்பதில்லை. செதுக்கிய தச்சனுக்குப் பாட்டன் காலத்துப் படிமம் ஒன்று கையில் இருந்தது. இந்தத் துறைமுகத்தில் அந்த அந்நியனுக்கு ஒரு முகமும் கிடைத்திருக்கலாம். தெருவில் தினம் பார்த்த முகம். ஏளனமாகத் தொடங்கிய ஓர் அச்சு, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்ததும் தடுமாறியிருக்கலாம். மரத்தில் அந்தத் தடுமாற்றம் தெரிகிறதா என்பதைத்தான் படம் காட்ட வேண்டும். அதற்கு முகமும் வேண்டும், உத்திரமும் வேண்டும், எட்ட நின்று பார்க்கிற தெருவும் வேண்டும்.

தெருவைப் பாருங்கள். கோயிலின் எண் 158. எண் 140, நாகூர் தர்கா. 1828-இலிருந்து 1830-க்குள் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாகக் கட்டியது. எண் 192, அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலைக்குடிசையாகத் தொடங்கியதால் தமிழர்கள் வாயில் ‘குச்சுப் பள்ளி’. இரண்டு தமிழ் முஸ்லிம் வழிபாட்டிடங்களுக்கு நடுவில் ஹொக்கியன் கோயில். கப்பலில் போகிறவனைக் காப்பாற்றுகிறவள் மாட்ஸு. கடலில் தத்தளிப்பவன் கூப்பிட்ட குரலுக்கு வருபவர் நாகூர் ஆண்டவர். ஒரே கடற்கரையில், ஒரே பயத்துக்கு, சில அடி தூரத்தில் இரண்டு மொழிகளில் நன்றி சொன்னார்கள். புத்தகத்தின் முதல் படத்தில் சட்டகம் கோயில் சுவரோடு நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் யாருமில்லை. ஆள் இல்லாதது மட்டுமல்ல, அண்டைவீடும் இல்லை.

அந்தக் காலத்து இந்தியன் என்றால் வணிகனும் படகுக்காரனும் மட்டுமல்ல. 1825-இலிருந்து 1873 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தண்டனைக் கைதிகள் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்தவரும் அவர்களில் உண்டு. சாலை போட்டார்கள், சதுப்பை நிரப்பினார்கள், புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பினார்கள். தியான் ஹொக் கெங்கை அவர்கள் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் வேலைப்பாடு ஃபூஜியன் மரபின் வேலைப்பாடு. ஆனால் அந்த ஊரில் ‘சுமக்கிற உடம்பு’ என்றதும் மனதில் வரக்கூடிய முகங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது என்பது சரித்திரம்.

அதே நூற்றாண்டில் கேமராவும் வந்து சேர்ந்தது. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் நிலையம் போன்றவை ஒருபக்கம் கோயில்களையும் கட்டிடங்களையும் படமெடுத்தன. இன்னொருபக்கம் ‘வகைமாதிரி’களைப் படமெடுத்தன: ஒரு சீனன், ஒரு மலாய்க்காரன், ஒரு ‘கிளிங்’. கிளிங் என்பது தென்னிந்தியர்களுக்கு அன்று வைத்த பெயர். பெயரில்லாத மனிதன், வகையின் பெயரோடு. ஆட்களில்லாத கோயிலும் கோயிலில்லாத ஆளும் ஒரே ஆல்பத்தின் இரண்டு பக்கங்கள். இன்றைய ‘சுத்தமான’ கட்டிடக்கலைப் படம் அந்த ஆல்பத்திலிருந்து ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நாம் நல்லவர்களாக எழுந்து போய்விட முடியாது. சுமக்கிற உருவம் உலகம் பூராவும் இருக்கிறது. கிரேக்கக் கட்டிடங்களில் கூரை தாங்கும் பெண் சிலைகள் அடிமைப்படுத்தப்பட்ட காரியா நகரத்துப் பெண்கள் என்று விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஸ்பார்ட்டாவில் தோற்ற பாரசீகர்களின் சிலைகள் கூரை தாங்கின என்றும் எழுதுகிறார். நம் கோயில்களில் கூரைக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும் பூதகணங்களை எத்தனை முறை ‘துள்ளும் குள்ளர்கள்’ என்று ரசித்திருக்கிறோம்? பெருத்த வயிறு, குறுகிய கால், பிதுங்கிய கண். யாருடைய உடம்பைப் பார்த்து அந்த உருவம் வந்தது என்று கேட்டோமா? சிறுபத்திரிகை அட்டைகளுக்கு ஒரு கணத்தை வெட்டி எடுத்து, அது தாங்கிய விமானத்தை விட்டுவிட்டவர்கள்தாம் நாமும். தெலுக் ஆயர் தெருவில் ‘நம்மாளு’ சுமக்கிறான் என்றதும் நெஞ்சு கொதிக்கிறது. நம் தெருவில் சுமப்பவனை நம்மாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

6

ஒரு சம்பவம். இது பௌத்தக் கோயிலில் நடந்தது, ஆனால் பாடம் இந்தக் கோயிலுக்கும் பொருந்தும். 1937 கோடையில் லியாங் ஸிசெங், லின் ஹுயின் என்ற கட்டிடக்கலை ஆய்வாளர் தம்பதியர் சீனாவின் ஷான்ஸி மலைப்பகுதியில் ஃபோகுவாங் கோயிலை அளந்து படமெடுத்தார்கள். கூரைக்குள் ஏறினால் பல காலத்துத் தூசி, ஆயிரக்கணக்கில் வௌவால்கள், மூட்டைப்பூச்சி. அதற்குள் உட்கார்ந்து உத்திரங்களைப் படமெடுத்தார்கள். உத்திரத்தின் அடியில் மங்கிப்போன மையெழுத்து இருப்பதை முதலில் கண்டவர் லின். கழுவித் துடைத்துப் படித்தபோது நிங் கோங்யு என்ற பெண்ணின் பெயர் வந்தது. கோயில் கட்டப் பொருள் கொடுத்தவள். அதே பெயர் வெளியே இருந்த கல்தூணிலும் இருந்தது. தூணில் இருந்த ஆண்டு 857. அப்படித்தான் கட்டிடத்தின் வயது உறுதியானது. மேடையின் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்த பெண் சிலை அவளுடையது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

உத்திரத்தின் அடியைப் பார்க்க ஏறினார்கள். தூசி துடைத்தார்கள். ஒரு பெயரைத் தூணோடும் சிலையோடும் சேர்த்துப் படித்தார்கள். அவர்களுடைய படம் வெட்டுவதற்காக எடுத்த படமல்ல, இணைப்பதற்காக எடுத்த படம். அங்கேயும் கிடைத்தது கொடுத்தவளின் பெயர்தான், சுமந்தவனின் பெயரல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தியான் ஹொக் கெங்கின் கல்வெட்டிலும் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. உத்திரத்தின் கீழ் நிற்பவனுக்கு எழுத்து கிடையாது. உருவம் மட்டும்தான்.

அதனால் தம்பிக்கு நான் எழுதியது இது: “அவன் நம்மாளா இல்லையான்னு அவசரப்படாதே. அடுத்த தடவை போறப்ப மூணு படம் எடு. முகம் தெரியற மாதிரி ஒண்ணு. உத்திரம் முழுசா தெரியற மாதிரி ஒண்ணு. எதிர்ச் சாரியில நின்னு தர்காவும் கோயிலும் ஒண்ணா வர்ற மாதிரி ஒண்ணு. யாராவது குறுக்க வந்தா காத்திருக்காதே, எடுத்துடு.”

அடுத்த ஞாயிறு இரவு படங்கள் வந்தன. மூன்று கேட்டேன், நான்கு இருந்தன. நான்காவதில் உருவத்துக்கு நேர் கீழே அவனே நிற்கிறான். வேலைக்குப் போட்டுப்போகும் சட்டை. கையைத் தூக்கவில்லை, சும்மா தொங்கவிட்டிருக்கிறான். யாரை எடுக்கச் சொன்னாய் என்று கேட்டேன்.

“போன வாரம் நான் நகர்றதுக்குக் காத்திருந்தாரே, அவரேதான் அண்ணே. இந்த வாரமும் வந்திருந்தாரு. என்னைய வச்சு ஒண்ணு எடுங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் எடுத்தாரு. உத்திரம் விழணும்னு சொன்னேன்.”

விழுந்திருக்கிறது.